லேசர் கட்டடத்தைச் சாய்க்குமா? சமூக மன்ற இந்தியர் நற்பணிச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் நடக்கவிருக்கும் மாணவர் பட்டிமன்றத்துக்கு ‘லேசர் ஆயுதம் உயர்ந்த கட்டடங்களை வீழ்த்தும், வீழ்த்தாது’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். எஃகு வெட்டுவதிலும் கட்டமைப்புக் கணக்கிலும் வேலை செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்தத் தலைப்பு பேச்சில் தீராது, கணக்கில் தீரும். இரண்டு அணியும் சமம் என்று மேடையேற்றினால் நன்றாகப் பேசும் பிள்ளை வென்றுவிடும்; இரும்பு மட்டும் உருகியிருக்காது.

ஒரு கிலோ இரும்பை 1,538 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி முழுதும் உருக்க ஏறத்தாழ 1.3 மெகாஜூல் (13 லட்சம் ஜூல்) ஆற்றல் வேண்டும். 2014இல் அமெரிக்கக் கடற்படை ‘பான்ஸ்’ கப்பலில் ஏற்றியது 30 கிலோவாட் லேசர். பிரிட்டனின் டிராகன்ஃபயர் 50 கிலோவாட் வகை, இஸ்ரேலின் அயர்ன் பீம் 100 கிலோவாட் வகை. பெரியதையே எடுத்துக்கொள்வோம்: 100 கிலோவாட் என்றால் விநாடிக்கு 0.1 மெகாஜூல். ஒளி முழுவதும் உலோகத்துக்குள் இறங்கினாலும் கிலோவுக்கு 13 விநாடி, டன்னுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல். உண்மையில் சுத்தமான எஃகு இந்த லேசர்களின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கை ஏற்றாலே பெரிது. சாயமோ துருவோ இருந்தால் தொடக்கத்தில் கூடுதலாக ஏற்கும். ஏற்ற வெப்பமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை, தூணின் நீளம் முழுக்க ஓடிவிடும்.

“துவாஸ் தொழிற்பேட்டைப் பட்டறையில் 12 கிலோவாட் இயந்திரம் 25 மில்லிமீட்டர் தகட்டைச் சரசரவென்று வெட்டுகிறதே?” என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி. அங்கே ஒளிப்புள்ளியின் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர். நாசில், அதாவது ஒளியும் வாயுவும் வெளிவரும் முனை, தகட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் நிற்கும். அதன் வழியே பாயும் ஆக்சிஜன் இரும்பை எரியவும் வைக்கிறது, உருகியதைக் கீழே ஊதியும் தள்ளுகிறது. வாயுவை மூடிப் பாருங்கள்: உருகிய குழம்பு பிளவிலேயே தேங்கி மறுபடி உறைந்துவிடும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆயுதத்துக்கு நாசிலும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. அரை மீட்டர் கண்ணாடி வைத்துக் குவித்தாலும் அந்தத் தொலைவில் ஒளியின் இயல்பே புள்ளியை இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே சுருங்க விடாது. காற்றின் கொந்தளிப்பும் குறிபார்க்கும் கருவியின் நடுக்கமும் சேர்ந்தால் பத்து சென்டிமீட்டர் என்று வையுங்கள். சதுர மில்லிமீட்டருக்கு விழும் ஆற்றல், பட்டறை இயந்திரத்தோடு ஒப்பிட்டால் 30,000 மடங்கு குறைந்துவிடும்.

அதோடு நம் ஊர்க் காற்று. மழையும் புகைமூட்டமும் ஒளியைச் சிதறடிக்கும். காற்று அசையாத நாளில் இன்னொரு தொல்லை: கற்றை தான் கடக்கும் காற்றையே சூடாக்கி, ஒளியை விரிக்கும் வில்லையாக (லென்ஸாக) அந்தக் காற்றை மாற்றிவிடும். ஆற்றலைக் கூட்டக் கூட்ட இதுவும் கூடும்.

அப்படியானால் லேசர் எதைத்தான் வீழ்த்துகிறது? போயிங் 747இல் பொருத்திய மெகாவாட் வகை லேசர் 2010 பிப்ரவரியில் மேலேறிக்கொண்டிருந்த ஏவுகணையை அழித்தது. அது ஏவுகணையை உருக்கவில்லை. மெல்லிய தோலைச் சூடாக்கித் தளர்த்தியது, உள்ளழுத்தம் மீதியைப் பார்த்துக்கொண்டது. டிரோனிலும் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருகினால் போதும். (அந்த 747 திட்டத்தையே 2011இல் கைவிட்டார்கள்.)

கட்டடமும் தன் எடையைச் சுமந்துகொண்டுதானே நிற்கிறது, ஒரு தூணைத் தளர்த்தினால் போதாதா என்பது மடக்கும் கேள்வி. எஃகு 600 பாகையில் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழக்கும் என்பது உண்மையே. ஆனால் தூண் உறைக்கும் தீக்காப்புப் பூச்சுக்கும் பின்னால் இருக்கிறது. ஒன்று தளர்ந்தால் சுமை பக்கத்துத் தூண்களுக்குப் போகும். 1968இல் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் மூலை சரிந்த பிறகு கட்டட விதிகளே அப்படி மாறின. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளோ கான்கிரீட். கான்கிரீட்டில் வெப்பம் மெல்லத்தான் இறங்கும். மேற்பரப்பு செதிலாக உதிரும், அல்லது கண்ணாடிபோல உருகிப் படியும். அணு உலைகளைக் கலைக்கும்போது மாசுபட்ட மேற்பரப்பைச் சில மில்லிமீட்டர் உரிக்க லேசரைச் சோதித்தது இதனால்தான்.

2001இல் நியூயார்க் கோபுரங்களை ஒரு கதிர் ‘ஆவியாக்கியது’ என்று பேச வரும் அணிக்கு இரண்டு எண்கள். கோபுரம் ஒன்றில் ஏறத்தாழ 90,000 டன் எஃகு. அதை ஆவியாக்க, சிங்கப்பூர் முழுவதன் மின்னுற்பத்தியும் இழப்பே இல்லாமல் 30 மணி நேரம் வேண்டும். மாறாக, விமானம் கொண்டுவந்த சுமார் 38,000 லிட்டர் எரிபொருளில் இருந்த ஆற்றலை 100 கிலோவாட் லேசர் கொடுக்க ஐந்து மாதமாகும். மோதல் தூண்களை அறுத்தது, தீக்காப்பை உதிர்த்தது, தீ எஞ்சிய எஃகைத் தளர்த்தியது, மீதியைக் கட்டடத்தின் எடையே பார்த்துக்கொண்டது.

நம் சிராங்கூன் சாலையிலேயே 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. பிள்ளைகள் பேச வேண்டிய கட்டடம் அதுதான் என்பது எங்கள் எண்ணம். ‘கட்டடம் விழக் காரணம்: வடிவமைப்பா, பராமரிப்பா?’ என்று தலைப்பை மாற்றுங்கள். அதில் இரு தரப்புக்கும் சரக்கு உண்டு.

கடைசியாக, மேடையில் லேசரால் பலூன் வெடிக்கும் செயல்விளக்கம் இருப்பதாக அறிவிப்பில் பார்த்தோம். கண்ணுக்கு ஆபத்தான 3பி, 4ஆம் வகை லேசருக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். நாற்காலிக் கால் ஒன்றில் பட்டுத் திரும்பும் கதிரே முன்வரிசைப் பிள்ளையின் விழித்திரையைச் சுட்டுவிடும். இமை மூடுவதற்குள் முடிந்துவிடும். அந்த நிகழ்வை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டமைப்பு, உலோக வெட்டுத் துறைகளில் பணிபுரியும் சிலர்
சிங்கப்பூர்