முயல் கண்ணிக்கு எத்தனை கேஜ் கம்பின்னு கேக்குற கேம்ப் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குலயும் செபராங் பிறையிலயும் பிள்ளைங்களுக்கு சர்வைவல் கேம்ப் நடத்துற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில கம்பி, செயின், ஸ்டீல் ரோப் பிரிவுல நிக்கிறவன். ஸ்கூல் லீவு நெருங்குனா உங்க ஆளுங்க, முக்கியமா சின்ன தம்பிங்க, கைல போன புடிச்சிக்கிட்டு வந்து நிப்பாங்க, அதுல ஒரு வெள்ளைக்காரரு பனியில உக்காந்து கம்பிய முறுக்கிக்கிட்டு இருப்பாரு, "அண்ணே முயல் கண்ணிக்கு 20 கேஜ் எடுக்கவா 22 எடுக்கவா, பித்தளையா ஸ்டீலா"ன்னு கேப்பாங்க. கடையில ஆளுங்க வரிசையில நிக்கிறப்ப இதுக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதான் மடலா எழுதுறேன். சுத்தி வளைக்காம சொல்லிடுறேன், உங்க கேம்ப் பாடத்துலேருந்து இந்த கண்ணி வைக்கிற பாடத்த எடுத்துடுங்க. ஏன்னு எனக்கு தெரிஞ்ச கம்பியிலேருந்தே சொல்றேன்.

முதல்ல அந்த நம்பர். கேஜ்ங்கறது கம்பியோட தடிப்ப சொல்ற நம்பர், அது கூடக்கூட கம்பி மெலியும், இது உங்களுக்கு தெரியும். ஆனா பிரிட்டிஷ் அளவுல 22ன்னா 0.71 மில்லிமீட்டர், அமெரிக்க அளவுல அதே 22 வந்து 0.64 மில்லி. வீடியோவுல வர்ற கனடாக்காரரு ஒண்ண சொல்வாரு, இங்க கடையில உங்க கைக்கு வர்றது வேற ஒண்ணு, அதனால கேஜ் நம்பர மட்டும் சொல்லி கம்பி வாங்குறதே பாதி குருட்டு வேலை, மில்லி கணக்குலதான் கேக்கணும். அடுத்தது, முயல் கண்ணிக்கு ஏன் இவ்வளவு கம்பி ஆராய்ச்சி? கம்பி ரொம்ப மெலிசா இருந்தா வளையம் லேசா இறுகும், ஆனா முயல் துள்ளி சுத்துறப்ப ஒரே எடத்துல மடங்கி மடங்கி அறுந்துடும், முயலு கழுத்துல கம்பியோட ஓடிப்போய் எங்கயோ கெடந்து சாகும். தடியா இருந்தா வளையம் வெறைப்பா நிக்கும், சட்டுன்னு இறுகாது. அதனாலதான் இங்கிலாந்துல பழைய ஆளுங்க மெலிசு பித்தளைக் கம்பிய நாலு இழை ஆறு இழையா முறுக்கி செஞ்சாங்க, பலமும் இருக்கும் வளையவும் செய்யும். ஒத்தக் கம்பியா எடுத்தா 0.7 மில்லி பதமான பித்தளை சுமார் 12, 13 கிலோ இழுவை வரைக்கும் தாங்கும், காட்டு முயல் எடை ரெண்டு கிலோ கூட வராது, துள்ளுற வேகத்தயும் சேத்து கணக்கு போட்டுத்தான் அந்த அளவுக்கு வந்திருக்காங்க. அந்த ஊருக்கு அது சரியான கணக்கு, நான் இல்லேங்கல.

இப்ப கவனிங்க, அங்கயே அந்த கணக்கு முயலுக்காக மட்டும் போட்டதில்ல. கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துன்னு ஒரு தீவு, அங்க முயல் கண்ணிக்கு லைசென்ஸ் இருக்கு, சீசன் இருக்கு, தாத்தா காலத்துலேருந்து வர்ற வழக்கம். ஆனா அதே காட்டுல மார்ட்டன்னு நம்ம மரநாய் மாதிரி, ஆனா அத விட சின்னதா ஒரு பிராணி, அழிஞ்சி போற நிலைமைக்கு வந்து, முயலுக்கு வச்ச கண்ணியில மாட்டி செத்துக்கிட்டு இருந்துச்சு. அரசாங்கம் என்ன செஞ்சிச்சுன்னா, மார்ட்டன் இருக்குற பகுதியில இந்த கம்பிதான் போடணும்னு ரூல் கொண்டு வந்துச்சு, மெலிசு பித்தளை மாதிரி, முயல நிறுத்தும் ஆனா மார்ட்டன் முறுக்கி இழுத்தா அறுந்துடும். அதாவது கம்பி தடிப்ப முடிவு பண்றது மாட்டணும்னு நாம நெனைக்கிற பிராணி இல்ல, தப்பிக்கணும்னு நாம நெனைக்கிற பிராணி. கேஜ் கேஜ்னு பேசுற எல்லா வீடியோவுலயும் இந்த ஒரு பாதி காணாமப் போகுது, உங்க கேம்ப்லயும் காணாமப் போகுது.

இந்த கணக்க நம்ம காட்டுக்கு போட்டுப் பாருங்க. நம்ம பக்கத்து காட்டுல நீங்க சொல்ற முயலே ஓடல, இங்க நாம பாக்குற முயல் கூண்டுல வளக்குறது. அப்ப ரெண்டு கிலோ கனத்துல, தரையோட தரையா, அதே பாதையில தினம் நடக்குறது யாரு? சருகுமான். பெலாண்டோக்குன்னு நாம சொல்றோமே, அதுல சின்ன வகை கிட்டத்தட்ட முயல் எடைதான். காட்டுக்கோழி இன்னும் லேசு. கூச்சிங் பத்துங்குற காட்டுப்பூனை கொஞ்சம் கூட. தெங்கிலிங்குன்னு சொல்ற எறும்புத்தின்னி, முள்ளம்பன்னி, உடும்பு, கை விட்டுப் பாக்குற குரங்குக்குட்டி எல்லாம் அதே தரையிலதான். முயல புடிச்சி மத்தத விட்டுடுற கம்பின்னு ஒண்ண எந்த மில்லியில கேட்டாலும் என்னால எடுத்துக் குடுக்க முடியாது, ஏன்னா மாட்டக்கூடாததுல பலது முயல் எடையிலயே இருக்கு. பினாங்கு கொடிமலையும் அத சுத்தியிருக்குற காடும் 2021ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா ஆச்சு, தெலுக் பஹாங் தேசியப் பூங்கா 2003லேருந்து இருக்கு, அந்த காட்டு ஓரத்துலயா பிள்ளைங்கள உக்கார வச்சி சுருக்கு கட்ட சொல்லிக் குடுக்குறது?

"நாங்க கட்டிக் காட்டிட்டு சாயங்காலம் கழட்டிடுறோம்"னு ஒரு அண்ணன் சொன்னாரு. நம்புறேன். ஆனா கத்துக்கிட்ட பையன் கழட்டுவானா? அவன் வீட்டுக்கு போய் தாமான் (குடியிருப்பு) பின்னாடி இருக்குற செம்பனை தோட்டத்துல நாலு வச்சிப் பாப்பான், மறுநாள் டியூஷன், அதுக்கு மறுநாள் மழை, அப்புறம் மறந்துடுவான். பிரிட்டன்ல கண்ணி வச்சா தினம் ஒரு தடவையாவது போய் பாக்கணும்னு சட்டமே இருந்துச்சு, இறுகிட்டு திரும்ப தளராத வகைய 1981லயே தடை பண்ணிட்டாங்க, அப்படியெல்லாம் கட்டுப்பாடு வச்சும் சரிப்படலன்னுதான் வேல்ஸ் 2023லயும் ஸ்காட்லாந்து 2024லயும் கண்ணியையே தடை பண்ணிடுச்சு. நீங்க பாடம் எடுத்துக் காட்டுற ஊருங்களே பாதி அத கைவிட்டுடுச்சு.

மறந்துபோன கம்பி என்ன செய்யும்னு சொல்றேன். கட்டுமானத்துல கட்டுற கருப்புக் கம்பி நம்ம மழையில துரு புடிச்சி போயிடும். பித்தளையும் ஸ்டெயின்லஸும் போகாது, நல்ல கம்பியா பாத்து வாங்குனா வருஷக்கணக்கா அங்கயே தொங்கும். எங்க கடை பின்சந்துக்கு ஒரு கருப்பு நாய் வரும், தெருநாய்தான், யாருக்கும் தொந்தரவு இல்ல. கொஞ்ச நாளா தலைய ஒரு பக்கமா சாய்ச்சிக்கிட்டே நின்னுச்சு, கிட்ட போனா நாத்தம். சோறு போட்டு புடிச்சி முடிய விலக்கிப் பாத்தா கழுத்த சுத்தி தோலு மூடியிருக்கு, உள்ளுக்குள்ள மஞ்சளா ஒரு கோடு மின்னுது, பித்தளை. சைட் கட்டரோட வாய் உள்ள போறதுக்கு எடமே இல்ல, கம்பி சதைக்குள்ள போயிருச்சு. கடைசியா கிளினிக்கு கொண்டுபோய் மயக்க ஊசி போட்டுத்தான் எடுத்தாங்க. எடுத்த துண்ட டாக்டர் என் கையில குடுத்தாரு, கடைக்கு வந்து தடிப்பு அளக்குற வெர்னியர் வச்சி பாத்தேன், 0.9 மில்லி, நல்ல முறுக்கு, பழகுன கை கட்டுன முடிச்சு. நாய்க்கு குரல் இருக்கு, சந்துக்கு வந்து நின்னுச்சு, மனுஷன் பாத்தான். சருகுமானுக்கு யாரு இருக்கா.

சட்டத்தயும் சொல்லிடுறேன், நெறைய பேருக்கு தெரியல. 2010 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம், ஆக்ட் 716. அதுல கண்ணி வைக்கிறது மட்டும் குத்தம் இல்ல, கையில வச்சிருக்கிறதே குத்தம், 2022ல திருத்தி தண்டனைய இன்னும் கூட்டிட்டாங்க. காட்டு ஓரத்துல பைக்குள்ள முடிச்சு போட்ட சுருக்கோட 16 வயசு பையன் பிடிபட்டா, "கேம்ப்ல சொல்லிக் குடுத்தாங்க சார்"னு சொல்லுவான், அப்ப வனவிலங்கு துறை (PERHILITAN) அதிகாரிக்கு யாரு போய் பதில் சொல்றது? பெத்தவங்க உங்கள நம்பித்தானே கையெழுத்து போட்டு அனுப்பறாங்க.

இதுல எனக்கு ரொம்ப பயம் குடுக்குற விஷயம் வேற. சின்னக் கம்பியில கைய பழக்குனவன் பெரிய கம்பிக்கு போறது ஒரு எட்டுதான். முடிச்சு அதே முடிச்சு, மரத்துல கட்டுறது அதே மாதிரி, மோட்டர் பிரேக் கேபிள் எடுத்தா காட்டுப்பன்னிக்கு ஆச்சு. 2 மில்லி ஸ்டீல் ரோப் 200 கிலோவுக்கு மேல தாங்கும், அதுல பன்னி மட்டுமா மாட்டும்? 2009ல பேரா மாநிலத்து பேலும் தெமெங்கோர் காட்டுல ஒரு புலி முன்னங்கால்ல கண்ணி மாட்டி கெடந்துச்சு, உயிரோட மீட்டு மலாக்கா ஜூவுக்கு கொண்டுபோய் வைத்தியம் பாத்தும் செத்துப்போச்சு. நம்ம நாட்டு காட்டுல இன்னிக்கி மிச்சம் இருக்குற புலி 150க்கும் கம்மின்னு அரசாங்கமே சொல்லுது. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூணு நாட்டு காப்புக்காட்லயும் சேத்து 1 கோடியே 23 லட்சம் கண்ணி இருக்கலாம்னு 2020ல ஒரு மதிப்பீடு வந்துச்சு, அங்க பல காட்டுல மரம் நிக்குது, மிருகம் இல்ல. நம்ம காடு அப்படி ஆயிடக்கூடாது.

சரி, கண்ணிய எடுத்துட்டா அந்த நேரத்துக்கு என்ன பாடம்னு கேப்பீங்க. கண்ணிய கண்டுபிடிக்கிற பாடம் எடுங்க. அது வைக்கிறத விட கஷ்டம், பிள்ளைங்களுக்கு புடிக்கும். வளைச்சி கட்டுன இளமரம், பாதைய அடைக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் குச்சி நட்ட வேலி, மரத்தடியில பட்டை உரிஞ்ச வட்டம், இதெல்லாம் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாத்தாத்தான் தெரியும். பாத்தா தொடக்கூடாது, போட்டோ எடு, லொக்கேஷன் எடு, PERHILITAN-க்கு சொல்லு. பெரிய பசங்கள வருஷத்துக்கு ஒரு தடவை பகாங் மெராபோ பக்கம் சுங்கை யூ காட்டுக்கு கூட்டிக்கிட்டு போங்க, புலி பாதுகாப்புக்கான MYCAT கூட்டமைப்பு நடத்துற கேட் வாக்குல பொதுமக்களே காட்டுக்குள்ள நடந்து கண்ணி தேடுறாங்க, 2010லேருந்து நடக்குது. தண்ணி சுத்தப்படுத்துறது, மழையில தீ மூட்டுறது, தார்ப்பாய் கட்டுறது, திசை பாக்குறது, இதெல்லாம் இருக்கே, காட்டுல வழி தவறுனவன் பசியில சாகுறதுக்கு முன்னாடி தண்ணியும் குளிரும்தான் ஆள சாய்க்கும், முயல் கறி இல்லாம யாரும் ரெண்டு நாள்ல சாகல.

ஓராங் அஸ்லிங்குற நம்ம நாட்டு பூர்வகுடி மக்களுக்கு அவங்க சாப்பாட்டுக்குன்னு சட்டத்துலயே தனி எடம் இருக்கு, அது அவங்க வாழ்க்கை. வார கடைசியில காட்டுக்கு போற நம்ம பிள்ளைங்க அத காட்டி பேச முடியாது.

எங்க கடையில ஒரு முடிவு எடுத்திருக்கோம், கண்ணிக்குன்னு சொல்லி யார் கேட்டாலும் கம்பி வெட்டிக் குடுக்குறதில்ல, வேற ஹார்ட்வேர் நண்பர்கள்கிட்டயும் பேசிக்கிட்டு இருக்கேன். டிசம்பர் லீவு கேம்புக்கு இன்னும் நேரம் இருக்கு, பாடத்திட்டத்த பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி அந்த ஒரு பக்கத்த மாத்துங்க. கம்பி பத்தி பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கணும்னா, கூடாரம் கட்டுற முறுக்கு, கிழிஞ்ச பையத் தைக்கிறது, பாத்திரத்துக்கு கைப்பிடி போடுறது எல்லாம் எனக்கு தெரியும், ஞாயித்துக்கிழமை கடை மூடிட்டு நானே கம்பியும் பிளையரும் எடுத்துக்கிட்டு வர்றேன், காசு வேண்டாம், எந்த கேம்ப் எந்த தேதின்னு மட்டும் கடைக்கு வந்து சொல்லிட்டு போங்க.