மில்லிங் மெஷினுக்கு டிரைவ் மாட்டும் முன்னால் இதைப் படிச்சிருங்க

வணக்கமுங்க.

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கமிருந்து நம்ம கடையில் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி பெட்டி) வாங்கிப் போனவர்களில் சிலர், மாட்டின அன்றைக்கே புகைஞ்சிருச்சு என்று திரும்பக் கொண்டு வருகிறார்கள். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அவுட்புட் பக்கத்து ஐஜிபிடி மாட்யூல் (மோட்டாருக்குக் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற எலக்ட்ரானிக் பாகம்) போயிருக்கும். எப்படி மாட்டினீங்க என்று கேட்டால், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய ஃபார்வர்ட் ரிவர்ஸ் சுவிட்ச் அப்படியே இருந்திருக்கும். காசு போட்டு வாங்கின சாமான் இப்படி வீணாவது எங்களுக்கும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

டிரைவின் அவுட்புட்டான யு, வி, டபிள்யூ முனைகளிலிருந்து வயர் நேராக மோட்டார் டெர்மினல் பாக்ஸுக்குத்தான் போக வேண்டும். நடுவில் சுவிட்ச், கான்டாக்டர், ஸ்டார்ட்டர் எதுவும் கூடாது. டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு சுவிட்சைப் போட்டால், மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆவது போல ஆறு மடங்கு வரைக்கும் கரண்ட் இழுக்கும். அணைத்தால் மோட்டார் காயிலிலிருந்து வோல்டேஜ் எகிறும். இரண்டுமே மாட்யூலுக்கு ஆகாது. மெயின் லைனை யு, வி, டபிள்யூவில் கொடுத்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை, அந்த நொடியே போய்விடும்.

பழைய சுவிட்சைத் தூக்கிப் போட வேண்டியதில்லைங்க. அதன் பவர் வயரையெல்லாம் எடுத்துவிட்டு, முனைகளைச் சுத்தம் செய்து, டிரைவின் ஃபார்வர்ட், ரிவர்ஸ், காமன் சிக்னல் முனைகளுக்குக் கொண்டு வந்தால் கைக்குப் பழகின அதே லீவரிலேயே ஓட்டலாம். ஆனால் ஒன்று: லீவர் ஃபார்வர்டில் இருக்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால் சில டிரைவ்கள் தானாகவே ஸ்பிண்டிலைச் சுற்றிவிடும். கட்டரை மாற்றிக்கொண்டிருக்கிற கை என்னாகும்? கரண்ட் வந்ததும் தானாக ஸ்டார்ட் ஆகாதபடி வைக்க டிரைவில் ஒரு பாராமீட்டர் (செட்டிங்) இருக்கும், முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

வீட்டோடு பட்டறை வைத்து சிங்கிள் பேஸ் டிரைவ் போடுகிறவர்கள் மோட்டார் நேம்பிளேட்டைக் கட்டாயம் படிக்கணும். அந்த டிரைவ் த்ரீ பேஸ் கொடுத்தாலும் வோல்டேஜ் 230தான். 415 வோல்ட் ஸ்டார் (காயில்களை இணைக்கும் ஒரு முறை, இன்னொன்று டெல்டா) என்று போட்டிருக்கும் ஒரு ஹெச்பி மோட்டாரை அப்படியே கொடுத்தால் சுற்றும், ஆனால் கட்டர் இரும்பை வெட்ட ஆரம்பித்ததும் திணறும். டெர்மினல் பாக்ஸில் ஆறு முனையும் வெளியே இருந்தால் முனைகளை இணைக்கும் உலோகப் பட்டியை மாற்றி டெல்டாவாக்கிவிடலாம். அப்போது ஸ்டாரில் 1.8 ஆம்பியர் என்று இருந்தது சுமார் 3.1 ஆகும், டிரைவிலும் அந்த 3.1 ஐத்தான் செட் பண்ண வேண்டும். 415லேயே டெல்டா என்று இருக்கும் பெரிய மோட்டாருக்கு இந்த வழி கிடையாது, த்ரீ பேஸ் டிரைவ்தான் வாங்கணும்.

கூலன்ட் பம்பு, மெஷின் லைட்டு டிரான்ஸ்ஃபார்மர் இரண்டுக்கும் லைன் டிரைவுக்கு முன்னாலேயே பிரியணும். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அவுட்புட்டில் இரண்டு வயரை மாற்றுங்கள். இன்புட்டில் மாற்றிப் பிரயோஜனமில்லை, டிரைவ் உள்ளே அதை டிசி ஆக்கித்தான் திரும்ப ஏசி ஆக்குகிறது. எர்த்தை மோட்டாரிலிருந்து டிரைவுக்கும், டிரைவிலிருந்து போர்டுக்கும் தனி வயரில் கொண்டு வாருங்கள். டிஆர்ஓ (மெஷின் டேபிள் நகர்ந்த தூரத்தைக் காட்டும் டிஜிட்டல் அளவுகாட்டி) எண்கள் துள்ளுகிறது என்று வரும் புகாரில் பாதி இதிலேயே தீரும்.

டிரைவ் வந்துவிட்டதே என்று பெல்ட் மாற்றுவதை விட்டுவிடாதீர்கள். 15 ஹெர்ட்ஸில் மோட்டாரின் பவரும் குறையும், அதோடு அதன் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் சூடாகும். பெரிய கட்டருக்குப் பெல்ட்டைக் குறைந்த வேகத்துப் புல்லியில் போட்டுக்கொண்டு, டிரைவை 25லிருந்து 60 ஹெர்ட்ஸுக்குள் வைத்து ஓட்டுங்கள். ரீவைண்டிங் ஆன பழைய மோட்டார் என்றால் மாட்டும் முன் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பாருங்கள், டிரைவ் வயரைக் கழற்றிவிட்டு மட்டும்.

மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைத்துப் பத்து நிமிஷம் பொறுங்கள். கெப்பாசிட்டரில் நிற்கும் டிசி ஆளையே சாய்த்துவிடும்.

வாங்கும் முன் நேம்பிளேட்டையும் டெர்மினல் பாக்ஸையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்க. எந்த டிரைவ், எப்படி வயரிங் என்று படம் போட்டே அனுப்புகிறோம், அதற்குத் தனிக் காசு இல்லைங்க.

இப்படிக்கு,
கடையிலிருந்து