நாள்பட்ட நோயுள்ள முயலுக்கும் காப்பீடு வேண்டும்: ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். எங்கள் வீட்டு முயலுக்குக் கடைவாய்ப் பல் நோய் இருப்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முயலின் 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்பவை. புல்லை அரைத்து அரைத்துத் தேய்வதால்தான் அவை அளவாக இருக்கின்றன. பல்வரிசை சற்றே பிசகினாலும் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகி நாக்கைக் கிழிக்கும். முகவாய் எச்சிலில் நனைந்து முடி ஒட்டிக்கொள்ளும். புல்லை ஆவலோடு கவ்வும், மெல்ல முடியாமல் கீழே போட்டுவிடும். தீனி நின்றால் குடல் இயக்கமும் நின்றுபோகும் என்பதால் அரை நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்த்துவிட்டாலும் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, எல்லையில் உள்ள வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கோ கொண்டுசெல்லும் இச்செலவுக்கு முடிவே இல்லை.

தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் ஆடு, பன்றியோடு முயலும் இருக்கிறது. ஆனால் அது இறந்த பிராணிக்குத் தரும் இழப்பீடு. உயிரோடிருக்கும் முயலின் மருத்துவத்துக்கு உதவாது. நான் விசாரித்த முகவரோ நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே படிவம் வைத்திருந்தார்.

முயலைச் சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது. காப்பீட்டுக் காலத்தில் வந்த நோயை மறு ஆண்டு புதுப்பிக்கும்போது 'ஏற்கெனவே உள்ள நோய்' என்று விலக்கினால், நாள்பட்ட நோயாளிக்கு அந்தக் காப்பீடு முதலாண்டோடு முடிந்துவிடும். பிரிட்டனில் முயல்களுக்கு விற்கப்படும் வாழ்நாள் காப்பீடுகளில், இடைவெளியின்றிப் புதுப்பித்துவந்தால் மருத்துவச் செலவுக்கான உச்சவரம்பு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குகிறது. அதே நோய்க்குத் தொடர்ந்து கோரலாம். இங்கும் மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பை 2024-இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது தங்கள் ஆணையமே.

நோய் வந்த பிறகு காப்பீடு எடுப்பார்களோ என்று நிறுவனங்கள் அஞ்சுவது நியாயமே. அதற்காகத் தொடக்கத்தில் காத்திருப்புக் காலம் வைக்கட்டும், பிரீமியத்தையும் சற்றுக் கூட்டட்டும். ஆனால் காப்பீட்டுக் காலத்தில் தொடங்கிய நோயைப் புதுப்பித்தலின்போது விலக்கக் கூடாது என்றும், நோயை உறுதிசெய்யும் கால்நடை மருத்துவரின் சான்றை ஒருமுறை பெற்றபின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சிகிச்சைக் குறிப்பும் ரசீதுமே போதும் என்றும், கேரளத்தில் எடுத்த காப்பீட்டுக்குத் தமிழகத்து ரசீதும் செல்லும் என்றும் விதி வகுக்குமாறு தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முயல் வளர்க்கும் எல்லையோரக் குடும்பத்தினள்,
கொழிஞ்சாம்பாறை