தண்ணீர்மேல் ஓடும் ரிமோட் கார்: பெற்றோர் கவனத்திற்கு

உதகமண்டலம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, பள்ளிக்குக் கீழே உள்ள குட்டையில் அறிவியல் மன்ற மாணவர்கள் ரிமோட் காரைத் தண்ணீர்மேல் ஓட்டிக் காட்டுகிறார்கள். தண்ணீர் முழங்காலளவுதான். செய்தி கேட்ட நாளிலிருந்தே பல வீடுகளில் கார்கள் பிரிந்து கிடக்கும் என்பதால் இந்தக் கடிதம்.

அந்தக் கார் மிதப்பதில்லை. ஓட்டுச்சில்லைச் சாய்த்து வீசினால் குளத்தில் தத்திப் போகிறதே, அதே கதைதான். வேகம் இருக்கும்வரை தண்ணீர் தாங்கும். விசையிலிருந்து விரலை எடுத்தால் உள்ளே போய்விடும். இதற்கு நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவில், நான்கு சக்கரமும் இழுக்கும் ட்ரக், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், 3 செல் (11.1 வோல்ட்) லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வேண்டும். திருவிழாக் கடைப் பொம்மைக் கார் கரையோரத்திலேயே முழுகிவிடும். வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்தால் இதைச் சொல்லுங்கள். எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சின் காரும் வேண்டாம். நம் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் திணறும், குட்டையில் எண்ணெயும் படியும்.

சாதா டயர் உதவாது, சுற்றிலும் துடுப்புபோல் பட்டைகள் எழும்பிய துடுப்பு டயர் வேண்டும். அதை மாட்டுவதில்தான் பிள்ளைகள் தவறுகிறார்கள். சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பார்த்தால் துடுப்பின் குழிவு முன்னோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் கீழே வரும்போது தண்ணீரைப் பின்னுக்கு அள்ளித் தள்ளும். டயர் விளிம்பை ரிம்மோடு பசையால் ஒட்டுங்கள், இல்லையென்றால் முழு வேகத்தில் கழன்றுவிடும். ரிம்மில் உள்ள சிறு துளைகளை டேப்பால் அடையுங்கள். அடைக்காவிட்டால் டயருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக் கனத்து, இரண்டாம் சுற்றிலேயே வண்டி எழும்பாது.

காருக்குள் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் பெட்டியின் ரப்பர் வளையத்திலும் வயர் வெளிவரும் இடத்திலும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் எட்டாது. முழுகிய கார் ரிமோட்டுக்குக் கட்டுப்படாது. அதனால் ஆன்டெனா நுனி மேலே நிமிர்ந்திருக்கட்டும். சிக்னல் போனால் கார் தானே நிற்கிறதா என்று பார்க்க, அதைக் கட்டைமேல் தூக்கி வைத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டு ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காத காரைச் சனிக்கிழமை இறக்க விடமாட்டோம்.

ஓட்டம் நின்றாலும் கார் முழுகாமலிருக்க, மூடி இறுகிய இரண்டு அரை லிட்டர் காலிப் பாட்டில்களை மேல்கூட்டுக்குள் முன்னும் பின்னும் கட்டி, அண்டாத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முழுகினால் இன்னும் ஒன்று. கயிறு மட்டும் கட்ட வேண்டாம், அச்சில் சுற்றிக்கொள்ளும்.

ஓட்டும்போது புல்வெளியில் 15 மீட்டராவது ஓடவிட்டு, முழு வேகத்தில் நேராக இறக்க வேண்டும். வெடுக்கென்று திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் தண்ணீரில் குத்தி வண்டி கவிழும். தண்ணீரின் தடையால் மோட்டார் ஓயாமல் முழு மின்னோட்டம் இழுக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றித் தொட்டுப் பாருங்கள்; மூன்று விநாடி விரல் வைக்க முடியாவிட்டால் ஓய்வு. முடிந்ததும் பேரிங்குகளைத் துடைத்து எண்ணெய் விடாவிட்டால், நம் ஊர் ஈரத்தில் மறுவாரமே துருதான்.

பேட்டரி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 5000 எம்.ஏ.எச். பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் போதும். எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில், சிமெண்ட் தரையில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உப்பியதையும் உள்ளே தண்ணீர் புகுந்ததையும் சார்ஜ் செய்யவே கூடாது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில், வெளியிலிருந்து கொண்டுவந்த பேட்டரி அறையின் சூட்டுக்கு வந்த பிறகே சார்ஜில் போடுங்கள். அதற்காக ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கார் நடுவில் நின்றுவிட்டால் எந்தப் பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மூங்கில் கொக்கியால் ஆசிரியர் இழுத்துத் தருவார். கேரட் தோட்டங்களில் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டைகள் பக்கமே போக வேண்டாம். அந்தச் சரிவில் வழுக்கி விழுந்தால் பெரியவராலும் ஏற முடியாது. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்கள் மின்வாரியத்துடையவை, அங்கும் கூடாது.

சம்மதச் சீட்டை வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். மாற்று உடையும் ஸ்வெட்டரும் கொடுத்தனுப்புங்கள். மூடுபனி இறங்கினால் கார் கண்ணுக்குத் தெரியாது. அன்று நிகழ்ச்சி நடக்காது, அடுத்த சனிக்கிழமை வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்