கத்தி பட்டால் பரவுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார அறிவியல் பக்கத்தில், செல் சவ்வுப் புரதங்களுக்கும் புற்றுநோய் பரவுவதற்கும் உள்ள தொடர்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'பரவுவது' என்றாலே நம் வீடுகளில் முதலில் கிளம்பும் பேச்சை அது தொடவில்லை. "ஊசி குத்திக் கலைச்சு விட்டுடாதீங்க, கத்தி பட்டா பரவிடும்." இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் என் அண்ணி எட்டு மாதம் பயாப்சிக்கு (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு) போகாமல் இருந்தார். 31 வருடம் திசு ஆய்வகத்தில் வேலை பார்த்த என் வீட்டிலேயே இப்படி என்றால், மற்ற வீடுகளைப் பற்றி என்ன சொல்ல?

நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை எழுதுகிறேன். பயாப்சியில் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஸ்லைடில் ஏற்றுவோம். ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் பிடிக்கும்படி ஒரு சோதனை உண்டு. நல்ல நிலையில் இருக்கும் மார்பகப் பால்குழாயில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு ஓடும்; பார்க்கத் தேன்கூடு மாதிரியே இருக்கும். அந்தக் கோடுதான் செல் சவ்வு. அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஈ-கேட்ஹெரின், பக்கத்துச் செல்லின் ஈ-கேட்ஹெரினைக் கோத்துப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிக்குக் கால்சியம் வேண்டும். இதைக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி மசதோஷி தகேய்ச்சி, கேட்ஹெரின் என்ற பெயரிலேயே கால்சியத்தைச் சேர்த்துவிட்டார்.

லோபுலர் (பால் சுரக்கும் மடல் சார்ந்த) வகை மார்பகப் புற்றில் பெரும்பாலும் இந்தக் கோடே இருக்காது. செல்கள் ஒன்றையொன்று பிடிக்காமல், எறும்பு ஊர்வது போல ஒற்றை வரிசையில் நார்த்திசுவுக்குள் நுழைந்து போகும். உருண்டையாகத் திரளாததால் பல நேரம் கைக்குக் கட்டியாகத் தட்டுப்படாது, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயிலும் தப்பிவிடும். பிடி விட்டுப்போனது யாரோ ஊசி குத்தியதால் அல்ல. அந்தப் புரதத்தைச் செய்யும் சிடிஎச்1 மரபணு, ஊசி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே பழுதாகிவிட்டது.

இதற்கு ஒரு சாட்சி நியூசிலாந்தில் இருக்கிறது. அங்கே பூர்வகுடிகளான மாவோரி மக்களின் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே வயிற்றுப் புற்று வந்து பலர் இறந்தார்கள். 1998-ல் ஒடாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டு குழுவினர் அந்தக் குடும்பத்தாரோடு சேர்ந்து தேடிக் கண்டுபிடித்த காரணம், இதே மரபணுவில் இருந்த பழுது. இன்று அந்தப் பழுதைச் சுமப்பவர்கள் நோய் வரும் முன்பே வயிற்றை அகற்றிக்கொள்ள முடிகிறது.

எல்லாப் புற்றும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அதிகம் காணப்படும் பால்குழாய்ப் புற்று, பெரும்பாலும் ஈ-கேட்ஹெரினை வைத்துக்கொண்டே பரவுகிறது. ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம் மாறுவதும் உண்மைதான்; மார்பகத்தில் அவை பிழைத்து வளர்வது மிக அபூர்வம். விரைக்கட்டி போன்ற சில இடங்களில் மருத்துவர்களே ஊசி குத்த மாட்டார்கள். எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

துணுக்கு எடுக்காவிட்டால் சவ்வில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஹெர்2 என்று இன்னொரு சவ்வுப் புரதம். அது அளவுக்கு மீறி இருந்தால் ஸ்லைடில் கோழிக்கூண்டு வலை போலத் தடித்த பழுப்பு தெரியும், ரிப்போர்ட்டில் 3+ என்று போடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது கெட்ட செய்தி. 1998-ல் அமெரிக்காவில், ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு, அதே 3+ சிகிச்சைக்கு வழி காட்டும் குறியாகிவிட்டது.

அப்புறம், சிறிய மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்த துணுக்கை ஒரு மணி நேரத்துக்குள் சதை கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். சலைன் பாட்டிலில் மிதந்தபடி மறுநாள் வந்த சதைகளை நான் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். அதற்குள் புரதம் சிதைந்துபோயிருக்கும். நிறம் பிடிக்காததற்குக் காரணம் நோயா, நம் அலட்சியமா என்று தெரியாமல் தவித்திருக்கிறோம்.

அண்ணியின் ஸ்லைடை நானே பார்த்தேன். நல்ல குழாய் ஒன்றில் தேன்கூடு தெளிவாக இருந்தது. அதைச் சுற்றிலும் நிறமே ஏறாத செல்கள், வரிசை வரிசையாக. அக்குளில் இரண்டு நெறிகளிலும் (நிணநீர்க் கணுக்களிலும்) அந்தச் செல்கள் இருந்தன. இப்போது சிகிச்சையில் இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். அந்த எட்டு மாதத்தைப் பற்றி எழுதச் சொன்னதே அவர்தான். உங்கள் மருத்துவப் பக்கத்தில், பயாப்சி பயத்தைப் பற்றி ஒரு புற்றுநோய் மருத்துவரை விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்,
திருச்சி