மருத்துவ மாணவர்கள் எழுதட்டும், புள்ளி போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைக் கதை, கவிதை எழுத வைத்தால் மனச்சுமை குறையும் என்கிறார்கள். வன்னிப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவனுக்கு இது கேட்கச் சந்தோசமான விசயம்தான், ஆனால் அதைச் செய்கிற விதத்தில் கரைச்சல் இருக்கிறது.

என் மருமகள், தங்கையின் மகள், மருத்துவ பீடத்தில் நான்காம் வருடம். லீவுக்கு விசுவமடுவுக்கு வந்தவள் ஏதோ அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். வாட்டில் கண்டதைப் பற்றி மனதில் பட்டதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், புள்ளியும் உண்டாம். சீனியர் அக்கா ஒருத்தி எழுதியதைத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். உண்மையில் என்ன கண்டாய் என்று கேட்டேன். இரவு ஒரு மணிக்கு ஒரு வயோதிபர் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, என்ர மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கிறது" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம், விடியப் போனால் அந்தக் கட்டிலில் வேறு ஆள். அதை எழுதலாமே என்றேன். "அதை எப்பிடி மாமா இங்கிலீசில எழுதுறது, எத்தினை புள்ளி போடுவினம்" என்றாள்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சரோன் என்ற மருத்துவர் 1993 இல் மாணவர்களிடம் கேட்டது இந்த மாட்டுக் கதையைத்தானே. நோயாளியின் அட்டையில் எழுத முடியாததை, ஆனால் எங்காவது எழுதியே ஆகவேண்டியதை, சாதாரண மொழியில் வேறு தாளில் எழுதச் சொன்னார், சிறு குழுவாக இருந்து வாசித்தார்கள். எங்களுக்கும் இது அந்நியமில்லை. நந்தி என்ற பெயரில் கதை எழுதியவர் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் சமூக மருத்துவப் பேராசிரியர் சிவஞானசுந்தரம்தான்.

இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை வதைத்த சம்பவத்தை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். பிறகு வந்த மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போவது குறைந்தது, ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது. இங்கே இது சின்ன விசயமில்லை. இப்போது படிக்கிற எங்கள் பிள்ளைகளில் பலர் 2009 இல் ஐந்தாறு வயதில் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள். ஒரு சாவைப் பற்றி எழுதப்போய் எந்தச் சாவு வெளியில் வரும் என்று யாருக்குத் தெரியும்? எழுதி முடித்த அந்த இரவில் பக்கத்தில் இருக்க ஆள் இல்லாமல் கட்டாயப்படுத்தி எழுத வைப்பது சரியில்லை.

விரும்பியவர் எழுதட்டும், தமிழில் எழுதட்டும், நோயாளியின் ஊரையும் மாற்றட்டும் (வன்னியில் ஊரைச் சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவார்கள்). இரவிரவாக வேலை செய்துவிட்டு வந்தவனுக்கு முதலில் பாய், பேனை பிறகு. வாசிக்கிற நாளில் முதல் பக்கத்தைப் பேராசிரியர் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கட்டும், தான் விட்ட பிழையை, தான் அழுத இரவை. அப்போது என் மருமகளும் அந்த மாட்டை எழுதுவாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
விசுவமடு