முதலில் காட்டச் சொல், அப்புறம் செய்யச் சொல்

அன்புள்ள மகனுக்கு,

டிஸ்க் நிரம்பிவிட்டது, எதை அழிப்பதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். எங்கோ கிடைத்த ஒரு கட்டளையை அப்படியே டெர்மினலில் ஒட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணா. அது என்ன செய்யும் என்று உனக்குப் புரியும்வரை ஒட்டாதே. லினக்ஸ் சர்வர்களோடு பல வருடமாக வேலை செய்கிறவள் என்ற முறையில் உனக்கு நான் சொல்லித்தர விரும்புவது ஒரே ஒரு பழக்கம்தான். எந்தக் கட்டளையாக இருந்தாலும், முதலில் அதைக் காட்ட மட்டும் சொல். பார்த்துத் திருப்தியான பிறகு செய்யச் சொல்.

உன் டிஸ்க்கிலிருந்தே ஆரம்பிப்போம். 'டிஎஃப் -எச்' என்று அடித்தால் எந்தப் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். அப்புறம் உன் ஹோம் ஃபோல்டருக்குப் போய் 'டியூ -எச் -டி1 | சார்ட் -எச்' என்று கொடு. ஒவ்வொரு ஃபோல்டரும் பிடித்திருக்கும் இடம், சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்பட்டு வரும். கடைசி வரி எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு, அதற்கு நேர் மேலே பெரிய தின்னி நிற்கும். பலர் இதையே, எல்லாப் பெயர்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டு எழுதுவார்கள். அதில் ஒரு குறை உண்டு. புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்கள் அந்தக் குறிக்குள் வராது. பிரவுசர் சேர்த்து வைக்கும் '.கேஷ்' போன்றவைதான் பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அவையே கண்ணில் படாமல் போய்விடும். அதனால்தான் '-டி1', அதாவது ஒரு படி மட்டும் இறங்கிக் காட்டு, என்கிறேன். பெரியது எது என்று தெரிந்ததும் அதற்குள் போய் மறுபடி அதே கட்டளை. இரண்டு மூன்று படி இறங்கினால் ஆள் அகப்படும்.

இன்னொன்று. புரோகிராம்கள் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பெரிய லாக் ஃபைலை அழித்த பிறகும் 'டிஎஃப்' பழைய கணக்கையே காட்டினால் பதறாதே. ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கும். பெயர் போய்விட்டாலும் அது விடும்வரை இடம் திரும்பி வராது. அந்தப் புரோகிராமை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் சரியாகிவிடும்.

இனி அழிப்பதற்கு வருகிறேன். இங்கேதான் நீ நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் 'ஆர்எம்' என்ற அழிக்கும் கட்டளை அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, நேராகப் போய்விடுகிறது. பழைய லாக் ஃபைல்களைத் தேட 'ஃபைண்ட் . -நேம் "*.லாக்" -எம்டைம் +30' என்று எழுது. மேற்கோள் குறியை விட்டுவிடாதே. விட்டால், நீ அடிப்பதைப் படித்து ஓட்டும் ஷெல் தானே நட்சத்திரத்தைப் பெயர்களாக விரித்துவிடும், ஃபைண்டுக்கு வேறு ஏதோ போய்ச் சேரும். '+30' என்றால் முழுதாக 30 நாளைத் தாண்டியவை, அதாவது குறைந்தது 31 நாள் பழையவை. வந்த பட்டியலை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை படி. அழியக் கூடாதது எதுவும் அதில் இல்லை என்று உறுதியான பிறகு, மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியை வரவழைத்து, அதன் கடைசியில் '-டிலீட்' சேர். கடைசியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். '-டிலீட்' முன்னால் வந்துவிட்டால், பெயரையும் தேதியையும் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கிவிடும்.

நட்சத்திரக் குறியோடு 'ஆர்எம்' போடும் நேரங்களில் முன்னால் 'எக்கோ' சேர்த்து ஒரு தடவை ஓட்டிப் பார். எந்தெந்தப் பெயர்கள் சிக்குகின்றன என்று அச்சிட்டுக் காட்டும், எதையும் தொடாது. நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே தவறி விழுந்த ஒரு இடைவெளிகூட அங்கே தெரிந்துவிடும்.

பைப் விஷயத்திலும் இதேதான். ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் நேர்கோடுதான் பைப். டக்ளஸ் மெக்கில்ராய் வலியுறுத்தி, கென் தாம்சன் 1973இல் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் சேர்த்த அந்தச் சின்னக் கோடு இன்றைக்கும் என் வேலையில் பாதியைச் செய்கிறது. நீளமான வரியை ஒரே மூச்சில் எழுதாதே. ஒரு கட்டளை எழுது, வருவதைப் பார், அப்புறம் ஒரு பைப் சேர். ஒரு லாகில் எந்த வரி எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டுமா? முதலில் 'சார்ட்', பிறகு 'யூனிக் -சி', பிறகு 'சார்ட் -என்ஆர்'. முதல் சார்ட் எதற்கு என்று தோன்றும். யூனிக் அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளை மட்டுமே சேர்த்து எண்ணும், அதற்காகத்தான்.

கட்டளைகளை மனப்பாடம் செய்யாதே. கன்ட்ரோலும் ஆர்-உம் சேர்த்து அழுத்தி இரண்டு எழுத்து அடித்தால் பழைய கட்டளை வந்து நிற்கும். உடனே என்டர் தட்டாமல் வலது அம்புக்குறியை அழுத்து, வரியைத் திருத்திக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று: நீளமான கட்டளையின் கடைசியில் ஒரு ஹாஷ் குறி போட்டு, பக்கத்தில் 'பேக்கப்' என்று ஒரு சொல் எழுதி வைப்பேன். ஷெல் அதைக் கண்டுகொள்ளாது. பிறகு தேடும்போது அந்தச் சொல்லை வைத்தே எடுத்துவிடலாம். ஒரு கட்டளையை ரூட், அதாவது முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓட்ட முன்னால் சேர்ப்பது சுடோ. அது மறந்துபோனால், முந்தைய கட்டளையைத் திரும்ப ஓட்டும் 'சுடோ !!' போதும் என்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மேல் அம்புக்குறி, பிறகு கன்ட்ரோல்-ஏ, வரியின் தொடக்கத்துக்குப் போய்விடுவாய். அங்கே சுடோ அடி. எதை ரூட் அதிகாரத்தோடு ஓட்டப்போகிறாய் என்பது கண்முன்னால் இருக்கும்.

சரி, அழிப்பதற்கு முன் முக்கியமானதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடு. நகலெடுக்கும் கட்டளையை 'ஆர்சிங்க் -ஏவிஎன்' என்று தொடங்கி, மூல ஃபோல்டரையும் போகுமிடத்தையும் கொடுத்தால் என்ன நகலாகும் என்று சொல்லும், ஒன்றையும் நகலெடுக்காது. 'என்'-ஐ எடுத்துவிட்டால் நிஜமாகவே செய்யும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். 'என்' போட்டு ஓட்டியதும் வரும் பட்டியலை எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா